கேளுங்கள், கேட்போம்: கிட்டார் இரைச்சலும் அதற்குள் இருக்கும் பாட்டும்

(ஒலிக்கூடத்தில் பாடல்களைக் கலவை செய்வதையே தொழிலாகக் கொண்டு ஓய்வுபெற்ற ஒலிப்பொறியாளர், வாசகர்களின் இசைக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஷூகேஸ், இண்டி ராக் பற்றியே இருந்ததால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டோம்.)

கேள்வி: ஐயா, செல்போனில் ஒரு சின்ன வீடியோவின் பின்னணியில் ஒரு பாட்டு ஓடியது. கிட்டார் ஒரே இரைச்சல், பாடுகிற பெண்ணின் குரல் எங்கோ அடியில். தேடிப் பார்த்தால் ‘ஷூகேஸ்’ என்று போட்டிருக்கிறது. என் ஹெட்போன் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டுமென்றேவா இப்படிச் செய்கிறார்கள்? – கல்லூரி மாணவர்

ஹெட்போன் மேல் பழி போடாதீர்கள் தம்பி, அது நன்றாகத்தான் இருக்கிறது. அவர்கள் வேண்டுமென்றேதான் செய்கிறார்கள்.

1980களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பிய ராக் இசை இது. கிட்டார் ஒலியை டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக உடைப்பது), டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்பக் கேட்கவைப்பது), ரிவெர்ப் (மண்டப எதிரொலி) என்று காலால் மிதித்து இயக்கும் பல பெடல்கள் வழியாக அனுப்பி, ஒரு ஸ்வரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாத அளவுக்குப் பரப்பிவிடுவார்கள். பெடல்கள் தரையில் கிடக்கும். அவற்றை மிதிப்பதற்காகக் குனிந்தபடியே நிற்கிறவர் ரசிகர்களை எப்போது நிமிர்ந்து பார்ப்பார்? ஷூவையே பார்த்துக்கொண்டிருக்கிற கூட்டம் என்று அந்த ஊர் இசைப் பத்திரிகைக்காரர்கள் வைத்த கேலிப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

குரலுக்கு வருவோம். நான் தொழில் பழகியபோது முதல் பாடமே, பாடுகிறவரை முன்னால் நிறுத்து என்பதுதான். மற்ற வாத்தியமெல்லாம் அவருக்குப் பின்னால். அவர் உச்சரிக்கிற ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழ வேண்டும். எனக்குச் சோறு போட்ட விதி அது. ஷூகேஸ்காரர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். குரல் இன்னொரு வாத்தியம், அவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பாடுவது போல இருக்கும். நாம்தான் காதைக் கொண்டுபோய் ஒட்டவைக்க வேண்டும். மை பிளடி வேலன்டைன் குழுவின் பிலிண்டா புட்சர், ‘லவ்லெஸ்’ தொகுப்புக்காகப் பல பாடல்களைப் பாடியது விடிகாலையில், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடப்பட்டு. தூக்கம் கலையாத அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அடுக்க அடுக்கச் சொற்களின் ஓரங்கள் மழுங்கிப்போகும். ராகம் மட்டும் மிஞ்சும். நீங்கள் கேட்டது அந்த வழியில் வந்த ஏதோ ஒரு பாட்டாகத்தான் இருக்கும்.

கேள்வி: பாட்டு என்றால் வரிகள்தானே? ஒரு வரிகூடப் புரியாத பாட்டை எப்படி ரசிப்பது? – தமிழாசிரியை

அம்மா, இந்தப் பாடல்களின் வரிகள் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே பிடிபடுவதில்லை. இவர்களுக்கெல்லாம் முன்னோடியான காக்டோ ட்வின்ஸ் குழுவின் எலிசபெத் ஃபிரேசர், பொருளுக்காக அல்லாமல் ஓசைக்காகவே சொற்களைத் தேர்ந்து பாடியவர். நம் பாடகர்கள் ஆலாபனையில் ‘ததரின’ என்று நெடுநேரம் பாடும்போது நீங்கள் அகராதியைப் புரட்டுவதில்லை அல்லவா? 1990இல் வந்த ‘ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்’ தொகுப்பை எடுத்து அந்த அம்மாளின் குரலை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். வரிதான் முக்கியம் என்கிறவர்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை, பாதி நாள் நானும் அந்தக் கட்சிதான்.

கேள்வி: புதிதாகக் கேட்கத் தொடங்குகிறேன். எல்லாப் பட்டியலிலும் ‘லவ்லெஸ்’தான் முதலிடம். அதிலிருந்தே ஆரம்பிக்கலாமா? – வங்கி ஊழியர்

வேண்டாம். அதை வைத்து ஆரம்பித்து, இரண்டு பாட்டோடு இந்த இசைக்கே முழுக்குப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்லோடைவ் குழுவின் ‘சூவ்லாக்கி’யிலிருந்து தொடங்குங்கள். 1993இல் வந்தது. லண்டனுக்கு மேற்கே உள்ள ரெடிங் ஊர்க்காரர்கள். நீல் ஹால்ஸ்டெட், ரேச்சல் காஸ்வெல் இருவரும் சின்ன வயதிலிருந்தே நண்பர்கள். இருவர் குரலும் ஒன்றாகச் சேரும்போது யார் பாடுகிறார் என்று பிரிக்கத் தோன்றாது. அதில் ‘வென் த சன் ஹிட்ஸ்’ என்ற பாட்டைத் தனியாக ஒருமுறை கேளுங்கள். சாதுவான கிட்டார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி குரல். சரி, மெதுவான பாட்டு என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கும் நேரத்தில் பல்லவி வரும். அந்த இடத்தில் கிட்டார்கள் மொத்தமாகத் திறந்துகொள்ளும். ஒலியின் அளவு ஏறியது என்று மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது, அகலம் கூடியிருக்கும். இடது காதுக்கும் வலது காதுக்கும் நடுவே இருந்த இடம் முழுக்க நிரம்பிவிடும். பிறகு மறுபடி அமைதி. அடுத்த தடவை அது எப்போது வரும் என்று நீங்கள் காத்திருக்க ஆரம்பித்தால் இந்த இசை உங்களுக்கு ஒத்துவரும் என்று அர்த்தம்.

அதே தொகுப்பில் இரண்டு பாடல்களில் புகழ்பெற்ற இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோ வேலை செய்திருக்கிறார். தொகுப்பைத் தயாரித்துத் தரச் சொல்லிக் கேட்டார்கள். அது வேண்டாம், சேர்ந்து வாசிக்கிறேன் என்று வந்தாராம். கடைசிப் பாட்டில் இரைச்சலே கிடையாது. அக்குஸ்டிக் கிட்டாரும் குரலும் மட்டும். அவ்வளவு புகைக்குப் பின்னால் அந்தப் பாட்டு வருவதால்தான் அது சுடுகிறது.

அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டின் ரைட் குழு. 1990இல் வந்த ‘நோவேர்’. இதில் டிரம்ஸைக் கவனியுங்கள். இந்த வகையில் பல குழுக்களில் தாளம் தூங்கும். இங்கே அது கிட்டாரோடு மல்லுக்கு நிற்கும். முடிவில் வரும் ‘வேப்பர் டிரெயில்’ பாட்டில், எல்லாம் ஓய்ந்த பிறகும் வில் வாத்தியங்கள் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும்.

இதெல்லாம் ஆன பிறகு ‘லவ்லெஸ்’. ஸ்னேர் டிரம்மில் படபடவென நான்கு அடி, உடனே கிட்டார். முன்னுரையே இல்லை. சுருதி இறங்குகிறது, ஏறுகிறது, டேப் இழுத்துக்கொண்டதோ என்று சந்தேகம் வரும். செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் கரகரப்பு மட்டும்தான் கிடைக்கும். நல்ல ஹெட்போனில், நடுத்தர ஒலியளவில் கேளுங்கள். முதல் தடவை பிடிக்காவிட்டால் ஒரு மாதம் கழித்துப் போங்கள். அவசரமில்லை, அது 1991இலிருந்து அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: நான் கிட்டார் வாசிப்பவன். டிஸ்டார்ஷன், டிலே, ரிவெர்ப் பெடல்கள் எல்லாம் வாங்கிவிட்டேன். ஆனாலும் எனக்கு வருவது வெறும் சேறு. எங்கே தவறு? – மென்பொருள் வேலையில் இருப்பவர்

உங்கள் கடிதத்தோடு அனுப்பிய பதிவைக் கேட்டேன். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இத்தனை டிஸ்டார்ஷன் தேவையில்லை. குமிழைப் பாதிக்கு இறக்குங்கள். பலர் செய்கிற வேலை இது: கிட்டார் தனியாகப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அடியொலியையும் உச்சத்தையும் ஏற்றி நடுவைக் குறைத்துவிடுவார்கள். அறையில் தனியாக வாசித்தால் பிரமாதமாக இருக்கும். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். கிட்டாரின் அடியொலியை வெட்டுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு வேலை இல்லை, அந்த இடம் பேஸுக்குச் சொந்தம். நடுவை விட்டு வையுங்கள்.

இரண்டாவது, பெடல்களின் வரிசை. டிஸ்டார்ஷனுக்குப் பிறகு ரிவெர்ப் போட்டால் ஒரு பெரிய மண்டபத்தில் கிட்டார் வாசிப்பது கேட்கும். ரிவெர்பை முன்னால் வைத்து, அந்த எதிரொலியையே டிஸ்டார்ஷனுக்குள் செலுத்தினால் மண்டபமே உடைந்து இரைகிறது. நீங்கள் தேடுவது இரண்டாவது ஒலி என்று நினைக்கிறேன். அதிலும் ரிவர்ஸ் ரிவெர்ப் என்று ஒன்று உண்டு: எதிரொலி தேய்ந்து போவதற்குப் பதிலாக வளர்ந்து வந்து சட்டென்று அறுந்துபோகும். மை பிளடி வேலன்டைன் குழுவின் கிட்டார்காரர் கெவின் ஷீல்ட்ஸ் யமஹா எஸ்பிஎக்ஸ்90 என்ற கருவியில் அதைத்தான் எடுத்தார். கொத்துகிற ஓசை மறைந்து, ஒவ்வொரு மீட்டலும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருவதாகத் தோன்றும்.

மூன்றாவதைப் பெடல் கடையில் விற்க மாட்டார்கள். ஷீல்ட்ஸின் ஒலியில் பெரும்பங்கு வலது கையிலிருந்து வருகிறது. 1958இல் வெளிவந்த ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர், 1962இல் வந்த ஜாகுவார் இரண்டிலும் ஒரு நீண்ட ட்ரெமலோ கைப்பிடி இருக்கும். மற்றவர்கள் ஒரு ஸ்வரத்தை ஆட்டுவதற்கு எப்போதாவது தொடுவார்கள். இவர் அதை உள்ளங்கையில் பிடித்தபடியே மீட்டுவார். அதனால் ஒவ்வொரு மீட்டலிலும் ஆறு கம்பிகளின் சுருதியும் லேசாக இறங்கி ஏறும். இரண்டு கம்பிகள் ஒரே அளவில் நகராது. அந்தச் சின்ன வித்தியாசம்தான் பத்து கிட்டார் வாசிக்கிற பிரமையைக் கொடுக்கிறது. பலரும் நினைப்பதைவிட மிகக் குறைவான கிட்டார் தடங்களைத்தான் பயன்படுத்தினேன் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஆகவே எல்லாப் பெடலையும் அணைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டே கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) அரை மணி நேரம் மீட்டிப் பழகுங்கள். வீட்டில் இருக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: ‘லவ்லெஸ்’ தொகுப்பின் செலவால் அதை வெளியிட்ட நிறுவனமே திவாலாகும் நிலைக்குப் போனது என்கிறார்களே, உண்மையா?

இரண்டு தரப்பும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. இரண்டு வருடங்களுக்கு மேல், 19 ஒலிக்கூடங்களில் பதிவு நடந்தது என்பது எழுதப்பட்ட சரித்திரம். இரண்டரை லட்சம் பவுண்டு ஆனது என்று கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் தரப்பு சொல்லிவந்தது. அவ்வளவு ஆகவில்லை, அது மிகைப்படுத்தப்பட்ட கணக்கு என்பது ஷீல்ட்ஸின் வாதம். விற்பனையில் அது இங்கிலாந்துப் பட்டியலில் 24ஆம் இடம் வரை வந்தது. அதன் பின் குழுவை நிறுவனம் கைவிட்டது. 1992இல் கிரியேஷனின் 49 சதவீதப் பங்கு சோனிக்குப் போனது. கடனில் இருந்த நிறுவனத்துக்கு ஒரு தொகுப்பு மட்டுமே காரணம் என்று சொல்வது கதைக்கு நன்றாக இருக்கும். கணக்கெழுதுகிறவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஒலிக்கூடத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். ஒரே பாட்டோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்களோடு வேலை செய்வது நரகம். அவர்கள் முடித்துக் கொடுத்ததைப் பல வருடம் கழித்துக் கேட்பது வேறு விஷயம்.

கேள்வி: என் மகளுக்கு பதினாறு வயது. எந்நேரமும் ஹெட்போன், அதில் இந்த மாதிரி சோகமான, மங்கலான பாட்டு. பேசக் கூப்பிட்டால்கூடக் காதில் விழுவதில்லை. நான் கவலைப்பட வேண்டுமா? – ஒரு தாய்

பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் அம்மா. ஒலியளவைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்படலாம்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான். இந்த இசையில் ஆபத்து என்னவென்றால், குரல் தெளிவாகக் கேட்கவில்லையே என்று ஒலியை ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும். ஏற்றினாலும் தெளியாது, அதன் அமைப்பே அப்படி. பெரும்பாலான செல்போன்களில் இப்போது ஹெட்போன் ஒலிக்கு ஒரு உச்சவரம்பு வைக்கிற வசதி இருக்கிறது. நீங்கள் திட்டிக்கொண்டே அதை வைக்காதீர்கள், அவளையே வைக்கச் சொல்லுங்கள். காதில் ஓயாத ரீங்காரம் இருப்பதைக் கெவின் ஷீல்ட்ஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் குழுவின் கச்சேரிகளில் வாசலிலேயே காதடைப்பான் கொடுப்பார்கள். உங்கள் பேச்சை அவள் கேட்காவிட்டாலும் இவர் பேச்சைக் கேட்பாள்.

சோகத்துக்கு வருவோம். சோகப் பாட்டு கேட்கிற பிள்ளை எல்லாம் சோகமாக இருப்பதில்லை. உங்கள் பதினாறு வயதில் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டுகளை நினைத்துப் பாருங்கள், அதில் எத்தனை குதூகலம் இருந்தது? சாப்பாடு, தூக்கம், படிப்பு, நண்பர்கள் என்று மற்றதெல்லாம் மாறிப்போயிருந்தால் அப்போது விசாரியுங்கள்; அந்த விசாரணைக்குப் பாட்டை இழுக்க வேண்டியதில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், “எனக்கு ஒரே ஒரு பாட்டு போட்டுக் காட்டு, எது என்று நீயே முடிவு பண்ணு” என்று கேட்பேன். போட்டுக் காட்டினால் முழுதாகக் கேளுங்கள். நடுவில் பேசாதீர்கள். முடிந்ததும் “நன்றாக இருக்கிறது” என்று பொய் சொல்லாதீர்கள், கண்டுபிடித்துவிடுவாள். “அந்த நடு இடத்தில் ஒன்று வந்ததே, அது என்ன வாத்தியம்?” என்று கேளுங்கள். அரை மணி நேரத்துக்கு அவள் பேச்சை நிறுத்துவது கஷ்டம்.

கேள்வி: நான் அனுப்பும் பாடல்களை நண்பர்கள் யாரும் கேட்பதே இல்லை. அறுபது பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரிசைப்படுத்தி, எங்கள் குழுவில் இருபது பேருக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. – கடுப்பில் இருக்கும் வாசகர்

அந்தக் கட்டைவிரல்காரரும் கேட்டிருக்க மாட்டார்.

அறுபது பாட்டு என்பது நாலு மணி நேரம். யாரிடமாவது போய் “உன்னுடைய நாலு மணி நேரத்தைக் கொடு” என்று நேரில் கேட்பீர்களா? இருபது பேருக்குப் பொதுவாக அனுப்பிய பாட்டு யாருக்கும் அனுப்பாத பாட்டு. ஒவ்வொருவரும் மற்ற பத்தொன்பது பேர் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

கேசட் காலத்தில் ஒரு வசதி இருந்தது. சி-90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம், அதற்கு மேல் ஒரு பாட்டுகூட ஏறாது. பாட்டு ஓடுகிற நேரம் முழுக்க நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தாக வேண்டும். அதனால் யாருக்காகச் செய்கிறோம் என்ற நினைப்பு இருந்துகொண்டே இருக்கும். இவனுக்கு டிரம்ஸ் பிடிக்கும், இவள் மெதுவான பாட்டை ஓட்டிவிடுவாள் என்று யோசித்து யோசித்துச் செய்வோம். 1986இல் இங்கிலாந்தின் ‘என்எம்இ’ பத்திரிகை ‘சி86’ என்ற கேசட்டை வாசகர்களுக்குக் கொடுத்தது. 22 குழுக்கள், ஆளுக்கு ஒரு பாட்டு. ஒரு தலைமுறையின் இண்டி ரசனையே அதிலிருந்து கிளம்பியது என்று இப்போதும் எழுதுகிறார்கள். அறுபது பாட்டு போட்டிருந்தால் அது நடந்திருக்காது என்பது என் கட்சி.

ஒருவருக்கு ஒரு பாட்டு அனுப்புங்கள். யாருக்கு எது என்று யோசியுங்கள். ஹெவி மெட்டல் கேட்கிறவரா? பிரான்ஸின் அல்செஸ்ட் குழு 2007இல் போட்ட முதல் தொகுப்பிலிருந்தோ, அமெரிக்காவின் டெஃப்ஹெவன் 2013இல் போட்ட ‘சன்பேதர்’ தொகுப்பிலிருந்தோ ஒன்று. இரண்டுமே மெட்டலிலிருந்து ஷூகேஸுக்குப் பாலம் போட்டவை. மெலடி பிடித்தவரா? லஷ் குழு. இரவில் தூக்கம் வராதவரா? டஸ்டர் குழு 1998இல் போட்ட ‘ஸ்ட்ராட்டோஸ்ஃபியர்’. அது கண்டிப்பான இலக்கணத்தில் ஷூகேஸ் இல்லை. இருக்கட்டும், இன்றைய பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகத்தான் கேட்கிறார்கள்.

பாட்டோடு ஒரு வரி எழுதுங்கள். ‘செம பாட்டு’, ‘உயிர்’, நெருப்புப் படம், இதெல்லாம் வேண்டாம். “இரண்டாவது நிமிடம் வரை பொறுத்துக்கொள்” என்று எழுதினால் அவர் இரண்டாவது நிமிடம் வரையாவது கேட்பார். அனுப்பிய கையோடு “கேட்டாயா?” என்று விரட்டாதீர்கள். முக்கியமாக, அவர் பதிலுக்கு ஒன்று அனுப்பினால் உங்கள் ரசனைக்கு ஒவ்வாவிட்டாலும் முழுக்கக் கேளுங்கள். பாட்டு அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் தபால்பெட்டி மாதிரி ஒருவழியாகவே இருக்கிறார்கள். அப்புறம் யாரும் கேட்பதில்லை என்று பத்திரிகைக்குக் கடிதம் போடுகிறார்கள்.

கேள்வி: இசைச் செயலி எனக்கு ஒரே மாதிரிப் பாட்டுகளையே திரும்பத் திரும்பப் போடுகிறது. புதிதாகக் கண்டுபிடிப்பது எப்படி?

செயலி உங்களுக்குப் பிடித்ததைப் போலவே இன்னொன்றைத் தேடுகிறது. பிடித்ததைச் செய்தவர் யார் என்று நீங்கள் தேடுங்கள். தொகுப்பின் அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படிப்பது என் பழைய வியாதி. அதில் என் பெயர் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கத் தொடங்கியது.

ஒரு உதாரணம் பிடித்துக் காட்டுகிறேன். மேலே சொன்ன லஷ் குழு பிடித்துவிட்டது என்று வையுங்கள். மிக்கி பெரென்யி, எம்மா ஆண்டர்சன் என்று இரண்டு பெண்கள் பாட்டெழுதி கிட்டார் வாசித்த லண்டன் குழு. 1992இல் வந்த அவர்களின் ‘ஸ்பூக்கி’யைத் தயாரித்தவர் ராபின் கத்ரி. யார் அவர்? காக்டோ ட்வின்ஸின் கிட்டார்காரர். இரண்டு குழுவையும் வெளியிட்டது 4ஏடி நிறுவனம், 1980இல் தொடங்கியது. லஷ்ஷின் ஆரம்பகாலப் பாடகி மெரியல் பார்ஹம் அங்கிருந்து விலகி எந்தக் குழுவுக்குப் போனார்? லீட்ஸ் நகரத்தின் பேல் செயின்ட்ஸ். அவர்களும் 4ஏடிதான். 1990இல் வந்த அவர்களின் ‘த கம்ஃபர்ட்ஸ் ஆஃப் மேட்னஸ்’ தொகுப்பைச் செயலி எனக்கு ஒரு நாளும் நீட்டியதில்லை. ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்தது. இப்படி ஒரு மாலை உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்குக் கேட்க வேண்டியது சேர்ந்துவிடும்.

இன்னொரு வழி, ஒரு மனிதரின் காதை நம்புவது. பிபிசி ரேடியோ 1இல் ஜான் பீல் 1967இலிருந்து 2004இல் இறக்கும் வரை அந்த வேலையைச் செய்தார். முகம் தெரியாத குழுக்கள் அனுப்பிய பதிவுகளைக் கேட்டு, பிடித்ததை ஒலிபரப்பினார். அவருக்குப் பிடித்ததில் பாதி உங்களுக்குப் பிடிக்காது. பிடிக்காததையும் கேட்க வைப்பதுதான் அவரிடம் இருந்த நன்மை. செயலி அந்தத் துணிச்சலுக்குப் போவதில்லை. இன்றைக்கும் அப்படிப்பட்டவர்கள் சின்னச் சின்ன இணைய வானொலிகளில் இருக்கிறார்கள். ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இண்டி ராக், ஷூகேஸ் இரண்டும் ஒன்றா?

இல்லை. இண்டி என்பது முதலில் ஒலியைக் குறிக்கவில்லை, வியாபாரத்தைக் குறித்தது. பெரிய நிறுவனங்களைச் சாராமல் இசைத்தட்டு போட்டு விநியோகிப்பவர்கள் இண்டி. 1980 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் அவர்களுக்கென்றே தனி விற்பனைப் பட்டியல் இருந்தது. பிற்பாடு, அந்த மாதிரிக் குழுக்களின் கிட்டார் பாணிக்கே அது பெயராகிவிட்டது. இப்போது பெரிய நிறுவனக் குழுவும் இண்டிதான். ஷூகேஸ் அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை. பேவ்மென்ட், யோ லா டெங்கோ, கேலக்ஸி 500 எல்லாம் மற்ற பிள்ளைகள். பெயர் தெரியாமலே கேட்கலாம், ஒன்றும் குடிமுழுகாது.

கேள்வி: அவ்வளவு நல்ல இசை என்றால் 90களிலேயே ஏன் செத்துப்போனது? – சந்தேகவாதி

நல்லதெல்லாம் நீடிக்கும் என்று யார் சொன்னார்கள்?

இங்கிலாந்து இசைப் பத்திரிகைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தூக்கி வைத்தவர்களைத் தூக்கிப் போடாமல் அடுத்தவரைத் தூக்க முடியாது. அமெரிக்காவிலிருந்து கிரஞ்ச் என்ற ராக் பாணி வந்தது, உள்ளூரில் பிரிட்பாப் என்ற பாணி வந்தது. இரண்டிலும் பாடகர் ரசிகனை நேருக்கு நேர் பார்த்துப் பாடுவார். குனிந்து நின்றவர்கள் கேலிப்பொருள் ஆனார்கள். இன்று எல்லாப் பட்டியலிலும் இருக்கிற ‘சூவ்லாக்கி’யை, இதை மறுபடி கேட்பதைவிடக் கஞ்சித் தொட்டியில் மூழ்கிச் சாகலாம் என்கிற தொனியில் ஒரு விமர்சகர் எழுதினார். ஸ்லோடைவ் 1995இல் ‘பிக்மேலியன்’ என்ற தொகுப்பைக் கொடுத்தது. பாதிக்குப் பாதி மௌனம் கலந்த விசித்திரமான வேலை. அது வந்த சூட்டோடு சூடாகக் கிரியேஷன் அவர்களை வெளியே அனுப்பிவிட்டது. அந்த நிறுவனத்துக்கு அப்போது பிரிட்பாப் குழுவான ஒயாசிஸ் கிடைத்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், ரைட் குழுவின் ஆண்டி பெல்லே பின்னால் அந்த ஒயாசிஸில் பேஸ் வாசிக்கப் போனார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2013 பிப்ரவரியில் மை பிளடி வேலன்டைன் தங்கள் அடுத்த தொகுப்பைத் தாங்களே இணையத்தில் வெளியிட்டார்கள். கூட்டம் தாங்காமல் அவர்கள் தளம் படுத்துவிட்டது. 21 வருடத்துக்கு மேல் இடைவெளி. 2014இல் ஸ்லோடைவ் பார்சிலோனாவின் பிரிமவேரா விழாவில் மறுபடி மேடையேறினார்கள். 2017இல் புதிய தொகுப்பு, 2023இல் இன்னொன்று. அந்த 2023 தொகுப்பு இங்கிலாந்துப் பட்டியலில் முதல் 10 இடங்களுக்குள் வந்தது. முன் வரிசையில் நின்றவர்களில் பலர் 1993இல் பிறந்தே இருக்க மாட்டார்கள். கேலி செய்த பத்திரிகை ‘மெலடி மேக்கர்’ 2000ஆம் ஆண்டோடு நின்றுபோனது.

கேள்வி: இது வெள்ளைக்காரர்கள் மட்டும் செய்கிற இசையா?

ஜப்பானில் ஒரு தனி மரபே இருக்கிறது. கோல்டார் ஆஃப் த டீப்பர்ஸ் 1994இலேயே மெட்டலையும் ஷூகேஸையும் கலந்தவர்கள். 1998இல் முதல் தொகுப்பைப் போட்ட சூப்பர்கார், பிறகு கினோகோ டெய்கோகு. ஜப்பானியக் குழுக்கள் ராகத்தை முன்னால் வைப்பார்கள், இரைச்சல் அதற்குச் சுற்றுச்சுவர். தென்கொரியாவில் பரன்னோல் என்ற பெயரில் ஒரே ஒருவர், முகம் காட்டாமல், வீட்டில் உட்கார்ந்து கணினியில் உருவாக்கி 2021இல் பேண்ட்கேம்ப் தளத்தில் போட்ட தொகுப்பு உலகம் முழுக்கப் பரவியது. ஒலிக்கூடம் என்ற முறையில் பார்த்தால் அதில் எல்லாமே குறை: டிரம்ஸ் நசுங்குகிறது, ஒலி உச்சத்தில் முட்டிக்கொண்டு உடைகிறது. நான் கலவை செய்திருந்தால் எல்லாவற்றையும் சரிசெய்து அந்தத் தொகுப்பைக் கெடுத்திருப்பேன்.

கேள்வி: இவ்வளவு புகழ்கிறீர்களே, இந்த வகையில் உங்களுக்குச் சலிப்பு தருவது எது? மழுப்பாமல் சொல்லுங்கள். – நீண்ட நாள் வாசகர்

பெடல் வாங்கிவிட்டுப் பாட்டு எழுத மறந்தவர்கள். இப்போது வருகிற புதுக் குழுக்களில் இது நிறைய. ஒலி அச்சு அசலாக 1991. அட்டைப்படம் மங்கல், பெயர் சின்ன எழுத்தில். உள்ளே இரண்டு கார்டும் ரிவெர்பும் மட்டும். என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது: அந்தப் பாட்டை ஒரு சாதாரண அக்குஸ்டிக் கிட்டாரில், பெடல் எதுவும் இல்லாமல் வாசித்து முணுமுணுத்துப் பார்ப்பேன். ஸ்லோடைவின் ‘அலிசன்’ தேறும். ‘வேப்பர் டிரெயில்’ தேறும். ‘லவ்லெஸ்’ஸில் இருக்கும் ‘சம்டைம்ஸ்’ கண்ணை மூடிக்கொண்டு தேறும். தேறாத பாட்டை நான் இரண்டாவது நிமிடத்தில் நிறுத்திவிடுவேன், அதைச் செய்தவர் பெடலுக்கு எவ்வளவு செலவழித்திருந்தாலும் சரி.